வாளைப் புகழ்ந்து உரிமையை மறைப்பதா?

காரைக்குடிக்கு அடுத்த சிற்றூர் ஒன்றில், கழகக் கூட்டத்தின் இரண்டாம் நாள் இரவு, வேலுநாச்சியார் நாடகம் நடந்தது. எழுதியவன் நான். மேடைக்குப் பக்கத்திலே திரைக்கயிற்றைப் பிடித்தபடி நின்று, நடிப்போரைப் பார்க்காமல் மக்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாடகம் எழுதுகிறவனுக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது.

நாச்சியார் வாளை உருவினார், கொட்டகை அதிர்ந்தது. நாச்சியார் குதிரையேறிக் காட்டுவழியே தப்பினார். பெண்கள் கண் துடைத்தனர். குயிலி தீப்பந்தமாய்ப் பாய்ந்தாள். பிள்ளைகள் எழுந்து நின்றே கூவினர். அடுத்த காட்சி, அரசவை. வென்ற நாட்டிலே அரியணையில் அமர்ந்து, வரிக்கணக்குக் கேட்கிறார் அரசி. ஆணை பிறப்பிக்கிறார். தமக்குப் பின் தம் மகளே ஆள்வாள் என்கிறார். கைதட்டல் இல்லை. சுண்டல் பொட்டலம் பிரிக்கிற ஓசை மட்டும் கேட்டது.

முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், நல்லவர், கழகக் கரைவேட்டியை மாற்றாதவர், என்னைக் கையசைத்து அழைத்தார். "ஏந்தம்பி, சண்டையெல்லாம் சரிதான். பொம்பளை சிம்மாசனத்திலே உக்காந்துட்டாளே, பின்னாலே இருந்து ஆளுறது யாரு? பெரிய மருதா, சின்ன மருதா?" என்று கேட்டார்.

குறும்புக்காகக் கேட்கவில்லை அவர். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். அதனால்தான் அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. பெண் வாளெடுத்ததை நம்புகிறார். பெண் தீயிலே பாய்ந்ததை நம்புகிறார். பெண் ஆண்டாள் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை அவரால்! பின்னால் ஓர் ஆண் இருந்தே தீரவேண்டும் என்று தேடுகிறார்.

தோழர்களே, அந்தப் பெரியவர் தனியாள் அல்லர். இந்நாட்டின் மேடைகள், சுவரொட்டிகள், பாடப்புத்தகங்கள், சிலைத் திறப்பு விழாக்கள் எல்லாம் அவருக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். "வீரமங்கை" என்கிறோம், "வீரப்பேரரசி" என்கிறோம். நல்ல பட்டங்கள்தாம். ஆனால் பட்டத்தின் பளபளப்பிலே ஒன்று மறைந்துபோயிற்று. வேலுநாச்சியார் வாளை எடுத்தது எதற்காக? கணவனைக் கொன்றவனைப் பழிவாங்கவா? அதற்காக மட்டுமென்றால், அது ஒரு குடும்பக் கதை. அவர் எடுத்த வாள் ஓர் உரிமைக்காக: ஆண் வாரிசு இல்லாத வீட்டிலே, பெண்ணே வாரிசு என்கிற உரிமைக்காக. வாளைப் புகழ்கிறார்கள், உரிமையை மறைக்கிறார்கள். அந்த மறைப்பைக் கிழிப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

வேலுநாச்சியார் பிறந்தது 1730ஆம் ஆண்டு, இராமநாதபுரம் சேதுபதிகளின் குடியிலே. அந்தக் குடி எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். அவர் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னே, 1710இல், கிழவன் சேதுபதி மறைந்தார். மறவர் நாட்டைத் தனியரசாக உயர்த்திய பெருவீரர் அவர். அவருடைய சிதையிலே 47 மனைவியர் உடன்கட்டை ஏறினர் என்று வரலாறு குறிக்கிறது. நாற்பத்தேழு பெண்கள்! ஒருத்திக்குப் பெயர் தெரியாது. ஒருத்தியின் வயது தெரியாது. எத்தனை பேர் தாமாக ஏறினர், எத்தனை பேர் ஏற்றப்பட்டனர் என்று அந்தச் சிதையின் சாம்பல்தான் சொல்லவேண்டும். சாத்திரம் அதைப் புண்ணியம் என்றது. ஊர் அதைக் கற்பு என்றது. அந்த நெருப்பின் நினைவு ஆறாத மண்ணிலேதான் பிறந்தது அந்தக் குழந்தை.

செல்லமுத்து சேதுபதிக்கு மகளாய்ப் பிறந்தார். ஆண்மகன் இல்லாத குறையை மகளைக் கொண்டே தீர்த்துக்கொள்ள எண்ணினார் தந்தை. சிலம்பம், வாள், வில், குதிரையேற்றம், மறவர் நாட்டு வளரி எல்லாம் கற்பித்தார். பன்மொழிப் புலமையும் தந்தார் என்று சொல்வர். 1746இல் சிவகங்கைச் சீமையின் முத்துவடுகநாதருக்கு மணம் செய்வித்தார். பிறந்தது ஒரே மகள். வெள்ளச்சி என்று பெயர். மகன் இல்லை. இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்திலே இருத்திக்கொள்ளுங்கள். மற்றவையெல்லாம் இதிலிருந்துதான் விளைகின்றன.

1772 சூன் திங்கள். ஆர்க்காட்டு நவாபுக்குக் கப்பம் கட்டவில்லை என்பது குற்றச்சாட்டு. நவாபுக்குக் கும்பினியிடம் கடன். கும்பினிக்குத் தென்பாண்டிச் சீமையின்மேல் கண். கடன்காரனும் கடன் கொடுத்தவனும் சேர்ந்து அடுத்த வீட்டைக் கொள்ளையிட வந்த கதை அது! முதலில் இராமநாதபுரம் விழுந்தது. அங்கே சிறுவன் முத்துராமலிங்க சேதுபதியின் சார்பில் ஆண்ட அன்னை முத்துத் திருவாயி நாச்சியாரைச் சிறைபிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோயினர். பிறகு படை சிவகங்கையை நோக்கித் திரும்பியது. கிழக்கிலிருந்து ஜோசப் சுமித், மேற்கிலிருந்து பாஞ்சோர். சூன் 25ஆம் நாள் காளையார்கோவிலிலே முத்துவடுகநாதர் குண்டுக்கு இரையானார். சிவகங்கை நவாபின் கைக்குப் போயிற்று. "உசேன் நகர்" என்று பெயரையும் மாற்றினான் வென்றவன்.

இப்போது வேலுநாச்சியாருக்கு வயது 42. கணவன் இல்லை, மகன் இல்லை, நாடு இல்லை. கையிலே ஒரு பெண்குழந்தை. அவர் முன்னே மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, நெருப்பு. பிறந்த குடியிலே 47 பேர் நடந்த வழி. புராணிகர் புகழப் போகும் வழி. இரண்டாவது, திருச்சிச் சிறை. மூன்றாவது, வெள்ளைச்சேலை, வென்றவன் வீசும் உதவித்தொகையிலே மூலையறை வாழ்வு. மூன்றையும் எடுத்து உதறினார் அந்தப் பெண்மணி. நான்காவதாக ஒரு வழியை, அதுவரை அந்நாட்டுப் பெண்கள் எவருக்கும் காட்டப்படாத வழியை, தாமே வெட்டிக்கொண்டு நடந்தார்.

வாளைப் புகழும் நண்பர்களே, முதலில் இதைப் புகழுங்கள். சிதையேற மறுத்தாரே, அந்த மறுப்பைப் புகழுங்கள்! கும்பினியை எதிர்த்தது வீரம் என்றால், சாத்திரத்தை எதிர்த்தது அதனினும் பெரிய வீரம். கும்பினிக்காரன் கோட்டைக்கு வெளியே நின்றான். சாத்திரக்காரன் வீட்டுக்குள்ளே நின்றான். வெளியே நிற்கிறவனை வெட்ட வாள் போதும். உள்ளே நிற்பவனை வெல்ல நெஞ்சு வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு அப்பால் விருப்பாட்சிப் பாளையம். கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரரும் உடன் சென்றனர். அடைக்கலம் புகுந்த இடத்திலே அழுதுகொண்டிருக்கவில்லை அரசி. ஆறே திங்களுக்குள், 1772 டிசம்பர் 8ஆம் நாளிட்டு, மைசூரின் ஐதரலிக்குத் தாண்டவராய பிள்ளை மடல் எழுதினார்: 5000 குதிரைப்படை வேண்டும், 5000 காலாட்படை வேண்டும் என்று. கவனியுங்கள், கண்ணீருக்குக் கைக்குட்டை கேட்கவில்லை. பிச்சையும் கேட்கவில்லை. அரசுக்கு அரசு, கணக்கிட்டுக் கேட்டார்கள் படை! அடுத்த ஆண்டே தாண்டவராய பிள்ளை மறைந்தார். அரசி தளரவில்லை. ஐதரைத் தாமே நேரில் கண்டு உருதுவிலே பேசி அவரை வியக்கவைத்தார் என்று நாடு சொல்கிறது.

இங்கே ஒரு நொடி நில்லுங்கள், தோழர்களே. சைவக் குடியிலே பிறந்த மறவர்குலப் பெண். அடைக்கலம் தந்தவர் நாயக்கர். மடல் எழுதியவர் பிள்ளை. படை தந்தவர் முசுலிம். நாட்டைப் பறித்த நவாபும் முசுலிம். அதை மீட்க உதவிய ஐதரும் முசுலிம். போர் மதத்துக்கும் மதத்துக்கும் இடையே நடந்தது என்று இன்று சொல்லித் திரிகிறவர்கள் இந்தக் கணக்கை எந்த ஏட்டில் எழுதுவர்? பறித்தவன் யார், துணை நின்றவன் யார் என்றுதான் பார்த்தார் வேலுநாச்சியார். பறித்தவனின் தொழுகையைப் பார்க்கவில்லை. துணை நின்றவனின் திருநீற்றைத் தேடவில்லை.

எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். பொறுமை என்று இதைப் புகழ்வோர் உண்டு. பொறுமை அன்று, அரசியல்! 1780 சூலையிலே ஐதரலி கர்நாடகத்தின்மேல் பாய்ந்தார். கும்பினியின் கால்கள் வடக்கே சிக்கிக்கொண்டன. பகைவன் இரண்டு முனைகளிலே நிற்க முடியாத நேரம் அது. அந்த ஆண்டிலேதான் வேலுநாச்சியாரின் படை தெற்கே இறங்கியது, சிவகங்கை மீண்டது. குருட்டு வீரத்துக்கு நாள் கணக்குத் தெரியாது. இந்த வீரத்துக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் படையெடுப்பைச் சொல்லும்போது இரண்டு பெண்களை மறக்கமாட்டார்கள் எங்கள் சீமையிலே. ஒருத்தி உடையாள். அரசி போன வழியைச் சொல்லமறுத்து வெட்டுண்டவள் என்பது மக்கள் மரபு. கொல்லங்குடியிலே வெட்டுடையார் காளி என்று அவளைக் கும்பிடுகிறார்கள். இன்னொருத்தி குயிலி. விசயதசமி நாளிலே பெண்களோடு பெண்ணாய்க் கோட்டைக்குள் நுழைந்து, உடலிலே நெய்யை ஊற்றித் தீயிட்டுக்கொண்டு, வெடிமருந்துக் கிடங்கிலே பாய்ந்தவள் என்று மக்கள் சொல்கிறார்கள். தாழ்த்தப்பட்ட குலத்திலே பிறந்தவள் என்பதும் அதே மரபு. கும்பினியின் ஏடுகளிலே குயிலியைத் தேடுவது வீண்வேலை. எரித்தவளின் பெயரை எரிந்துபோன கிடங்கின் சொந்தக்காரன் எழுதிவைப்பானா? ஏடு எழுதாததை நாவிலே காத்தது மக்கள் கூட்டம். 1710இல் ஆண் ஒருவனின் பிணத்துக்காகப் பெண்கள் எரிந்தனர். 1780இல் நாட்டின் விடுதலைக்காக ஒரு பெண் எரிந்தாள் என்று மக்கள் பாடினர். எரிந்தது இரண்டிடத்திலும் பெண்தான். ஆனால் ஒன்று அடிமையின் நெருப்பு. மற்றது விடுதலையின் நெருப்பு!

இனித்தான் வருகிறது முதன்மையான செய்தி.

தமிழகத்தை ஆண்ட அரசியர் வேறு எவரும் இல்லையா? உண்டு. மதுரையிலே இராணி மங்கம்மாள். 1689 முதல் பதினேழு ஆண்டுகள் திறம்பட ஆண்டார். எவர் பேரில்? சிறுவனாயிருந்த பெயரன் விசயரங்க சொக்கநாதன் பேரில். அதே நாயக்கர் வழியிலே மீனாட்சி. எவர் பேரில்? தத்தெடுத்த ஆண்பிள்ளையின் பேரில். சந்தா சாகிபின் வஞ்சகத்துக்கு ஆளாகி உயிரையும் இழந்தார். இராமநாதபுரத்திலே முத்துத் திருவாயி நாச்சியார். மகன் பேரில். வடக்கே, வேலுநாச்சியார் நாட்டை மீட்டு 77 ஆண்டுகள் கழித்து வாளேந்திய சான்சிராணி இலட்சுமிபாய், அவரும் தத்துப் பிள்ளையின் பேரில். வீரத்திலே இவர்களில் எவரும் குறைந்தவர் அல்லர். ஆயினும் ஒவ்வோர் அரியணையிலும், மடியிலே ஓர் ஆண்குழந்தை இருந்தது. அந்தக் குழந்தை வளரும்வரை காத்திருக்கும் காவல்காரியாகவே பெண்ணை ஏற்றுக்கொண்டது நாடு.

வேலுநாச்சியாரின் மடியிலே இருந்தவள் வெள்ளச்சி. பெண்! பெயரன் பேரில் இல்லை. மகன் பேரில் இல்லை. தம் பேரிலே ஆண்டார், மகளுக்கென ஆண்டார். தாய்க்குப் பின் மகள் என்று ஒரு நாட்டின் அரியணையிலே எழுதத் துணிந்தார். அரசவைக் காட்சியிலே நம் மக்கள் கைதட்டியிருக்க வேண்டிய இடம் இதுதான். வாள் எல்லா அரசரிடமும் இருந்தது. இந்தத் துணிவு எத்தனை பேரிடம் இருந்தது?

"சரி தம்பி, ஆனால் ஆட்சியை நடத்தியவர்கள் மருது சகோதரர்கள்தானே?" என்று கேட்பர், முன்வரிசைப் பெரியவரைப் போல. ஆம். பெரிய மருது படைத்தலைவர். சின்ன மருது பிரதானி. இருவரும் எங்கள் சீமையின் இரு கண்கள். இருவரும் இல்லாமல் 1780 இல்லை. ஆனால் நான் திருப்பிக் கேட்கிறேன்: கிழவன் சேதுபதிக்குப் படைத்தலைவர் இல்லையா? திருமலை நாயக்கருக்குத் தளவாய் இல்லையா? இராமப்பய்யன் போரிட்டு வென்றான் என்பதற்காகத் திருமலை நாயக்கரைப் பொம்மை என்றவர் உண்டா? ஆணுக்கு அமைச்சர் இருந்தால் அது அரசியல் அறிவு. பெண்ணுக்கு அமைச்சர் இருந்தால் அவள் பொம்மை! ஒரே தராசிலே இரண்டு எடைக்கற்கள். இந்தத் தராசைத்தான் உடைக்கவேண்டும் என்கிறேன்.

கசப்பையும் மறைக்கக்கூடாது. மறைப்பது நம் வழக்கம் அன்று. அரசியின் இறுதி ஆண்டுகளிலே அரசுரிமைப் பூசல்கள் எழுந்தன. அதிகாரம் பிரதானிகளின் பக்கம் சாய்ந்தது. வெள்ளச்சிக்கு மணமாயிற்று, வேங்கன் பெரிய உடையணத் தேவரோடு. முடிவிலே அரியணையில் அமர்ந்தது மகள் அன்று; மருமகன்! தாய் வாளால் மீட்டது, மகளின் கழுத்திலே தாலி ஏறியதும் மருமகன் கைக்கு நழுவியது. 1796 டிசம்பர் 25ஆம் நாள் வேலுநாச்சியார் கண்மூடினார். ஐந்தாண்டுகளுக்குள் எல்லாம் முடிந்தது. 1801இல் திருச்சியிலும் திருவரங்கத்திலும் சின்ன மருதுவின் போர்முழக்க அறிக்கை ஒட்டப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரிலே சகோதரர் இருவரும் தூக்கிலே தொங்கினர். 1802இல் வேங்கன் பெரிய உடையணத் தேவரைப் பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தினர். கௌரி வல்லபர் என்பவரை சமீன்தாராக அமர்த்தி, சீமையைத் தன் வரிக்கணக்கிலே சேர்த்துக்கொண்டது கும்பினி.

கதை அத்தோடு முடிந்தது என்று புத்தகத்தை மூடுகிறார்கள். முடியவில்லை, தோழர்களே. அதே சிவகங்கை அரண்மனையிலே இன்னொரு பெண் எழுந்தாள். பெயர் காத்தம நாச்சியார். வேலுநாச்சியாரின் வழிவந்தவர் அல்லர். கும்பினி அமர்த்திய கௌரி வல்லபரின் மகள். 1829இல் தந்தை இறந்தார். ஆண்மகன் இல்லை. "நாங்கள் பங்காளிகள், கூட்டுக் குடும்பத்து ஆண்கள், சமீன் எங்களுக்கே" என்று தந்தையின் அண்ணன் பிள்ளைகள் ஏறி அமர்ந்தனர். வழக்குத் தொடங்கியது. விதவைகள் வழக்காடினர், மகள் வழக்காடினாள். மாவட்ட நீதிமன்றம், சதர் நீதிமன்றம், கடைசியிலே கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில். 1863இல் தீர்ப்பு வந்தது: சமீன் மகளுக்கே! 34 ஆண்டுகள் கழித்து, வாள் இல்லாமல், வக்கீல் வைத்து, சிவகங்கை அரண்மனைக்குள் நுழைந்தாள் ஒரு பெண். இந்து சட்டம் படிக்கிற மாணவர்கள் இன்றும் "சிவகங்கை வழக்கு" என்று படிக்கிறார்கள். சிவகங்கைக்காரர்களாகிய நமக்கு அது தெரியாது!

அந்தத் தீர்ப்பை ஊன்றிப் பாருங்கள். பெண்ணும் ஆணும் சமம் என்றா சொன்னது? இல்லை. "இந்தச் சமீன் கௌரி வல்லபரின் சுயார்ஜிதம், கும்பினி அவருக்கென்று தந்தது. ஆகையால் அவருடைய விதவைக்கும் மகளுக்கும் போகும்" என்றது. அதாவது, அது வழிவழி வந்த கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்திருந்தால், மகளுக்கு இல்லை! பங்காளிக்குத்தான்! மகள் வென்றாள், ஆனால் சட்டத்தின் சந்து ஒன்றிலே நுழைந்து வென்றாள். பெருங்கதவு பூட்டியே கிடந்தது.

அந்தப் பெருங்கதவைத் திறந்தது யார்? கோவில் மணியடித்தவர்களா? வேதம் ஓதியவர்களா? 1929இல் செங்கற்பட்டிலே கூடிய சுயமரியாதை மாநாடு, ஆணுக்குள்ள சொத்துரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன்பே, 1921இல், நீதிக்கட்சி ஆட்சியிலே சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. செங்கற்பட்டுத் தீர்மானத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். "பெண்ணுக்குச் சொத்தா? குடும்பம் என்னாகும்?" என்றார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், கலைஞர் ஆட்சி சட்டம் செய்தது: கூட்டுக் குடும்பச் சொத்திலே மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று. காத்தம நாச்சியாருக்கு மறுக்கப்பட்டிருந்த அந்தக் கதவு அன்றுதான் இங்கே திறந்தது. அனைத்திந்தியாவுக்கும் அது 2005இல்தான் வந்தது. 1780, 1863, 1929, 1989. நான்கு ஆண்டுகளும் ஒரே கயிற்றிலே கோத்த மணிகள். கயிற்றின் பெயர் பெண்ணுக்கு வாரிசுரிமை. அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு, முதல் மணியை மட்டும் எடுத்துத் தங்கள் கழுத்திலே தொங்கவிட்டுக்கொள்ளப் பார்க்கிறார்கள் இன்று பலர்.

யார் யார்? எண்ணிப் பாருங்கள்.

முதலில் டில்லி. 2008இல் அரசிக்கு அஞ்சல்தலை வெளியிட்டார்கள், மகிழ்ச்சி. 2022 சனவரி 3ஆம் நாள், அரசியின் பிறந்தநாள் என்று தலைமை அமைச்சர் புகழுரை வெளியிட்டார், அதற்கும் மகிழ்ச்சி. அதே சனவரி 26இலே குடியரசு நாள் அணிவகுப்புக்கென, வேலுநாச்சியாரும் மருது சகோதரரும் வ.உ.சி.யும் பாரதியும் இடம்பெறத் தமிழ்நாடு முன்வைத்த ஊர்திக்கு டில்லித் தெருவிலே இடமில்லை என்றார்கள்! நிபுணர் குழு முடிவு என்றார்கள். மூன்றாம் நாள் வாழ்த்து. இருபத்தாறாம் நாள் வாசலிலே நிறுத்தம். தள்ளப்பட்ட ஊர்தி சென்னைக் கடற்கரையிலே ஓடியது. தமிழ்நாட்டு ஊர்களுக்கும் போயிற்று. புகழுரை வேண்டும், ஊர்வலம் வேண்டாம். பெயர் வேண்டும், பொருள் வேண்டாம். இதுதான் அவர்கள் பக்தி.

2023 செப்டம்பரிலே இன்னொரு கூத்து. நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று சட்டம் இயற்றினார்கள். கைதட்டினோம். சட்டத்தைப் படித்தால் உள்ளேயே பூட்டு: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முதலில், தொகுதி மறுவரையறை அடுத்து, அதன்பிறகே ஒதுக்கீடு! 2024 பொதுத்தேர்தல் அந்தச் சட்டத்தின் நிழல்கூடப் படாமல் நடந்து முடிந்தது. 543 பேரில் 74 பேர் பெண்கள். அரியணையைக் காட்டினார்கள், ஏணியை எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, சாதிச் சுவரொட்டிக்காரர்கள். "எங்கள் குலத்து அரசி" என்று தெருவுக்குத் தெரு ஒட்டுகிறார்கள். நாயக்கரின் அடைக்கலத்தையும், பிள்ளையின் மடலையும், ஐதரின் படையையும், குயிலியின் நெருப்பையும் கிழித்தெறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுகிறார்கள். ஒன்று கேட்கிறேன்: சுவரிலே அரசியின் படத்தை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறாயே, உன் வீட்டிலே உன் மகளுக்குப் பங்கு எழுதிவைத்தாயா? "சீர் செய்தாயிற்று, விடுதலைப் பத்திரத்திலே கையெழுத்துப் போடம்மா" என்று கூடப்பிறந்தவளைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போனவன், வேலுநாச்சியாரின் பெயரைச் சொல்லலாமா?

மூன்றாவது, தெய்வமாக்குகிறவர்கள். காளியின் அவதாரம் என்பார்கள், கர்ப்பூரம் காட்டுவார்கள். பெண்ணைக் கொலுவில் வைப்பதும் கொட்டிலில் அடைப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள். அவதாரம் என்று சொல்லிவிட்டால், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அது எடுத்துக்காட்டாக ஆகாதல்லவா? "அவள் தெய்வம், நீ மனுஷி, அடுப்பைப் பார்!" வேலுநாச்சியார் தெய்வம் அல்லர். கணக்கிட்டுப் படை கேட்ட, காலம் பார்த்துப் படையெடுத்த, மகளுக்கென நாட்டை மீட்ட மனிதப்பிறவி. அதனால்தான் அவரைப்போல இன்னொரு பெண்ணும் ஆகமுடியும்.

நான்காவது... நான்காவது நாம்தான்! சுற்றி வளைப்பானேன்? ஊராட்சிப் பதவிகளிலே பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டமாயிற்று. பெண்கள் வென்றார்கள். வெற்றி ஊர்வலத்திலே மாலை எவன் கழுத்திலே விழுந்தது? "தலைவர் வருகிறார்" என்றால் கணவன் வருவதைப் பார்த்தோமா இல்லையா? தீர்மானப் புத்தகம் மன்றத்திலே இருக்கிறது. கையெழுத்துக்கு மட்டும் அடுப்படிக்குப் போகிறது. அதிகாரியிடம் பேசுகிறவர் அவர். ஒப்பந்தக்காரரிடம் பேசுகிறவர் அவர். காசோலையிலே கையெழுத்திடும் விரல் மட்டும் அம்மையாருடையது. அந்தக் கணவர்களிலே கரைவேட்டி கட்டியவர் எவருமே இல்லை என்று நெஞ்சைத் தொட்டு நம்மால் சொல்லமுடியுமா?

செட்டிநாட்டு வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலத்திலே, மூன்றாண்டுக் கணக்கு முடியும்வரை, அத்தனை பெரிய மாளிகையை ஆண்டவர் ஆச்சி. நெல் அளந்தவர் ஆச்சி. கட்டடம் மேற்பார்த்தவர் ஆச்சி. ஊருக்கும் உறவுக்கும் முறை செய்தவர் ஆச்சி. சாவிக்கொத்து அவர் இடுப்பிலே. ஆனால் பேரேடு? அது முகப்பிலே, ஆண்களின் கணக்கு மேசையிலே! நாட்டுக்கோட்டையின் குறை மட்டுமா இது? நாட்டின் குறை. சாவியைக் கொடுப்பார்கள், பேரேட்டைக் கொடுக்கமாட்டார்கள். உழைப்பைக் கொடு என்பார்கள். உரிமை கேட்காதே என்பார்கள். ஊராட்சித் தலைவிக்கு நாம் கொடுத்திருப்பதும் சாவிக்கொத்துதான். பேரேடு இன்னும் நம் மேசையிலே இருக்கிறது.

தோழர்களே, சிலைக்கு மாலை போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை நான். சூரக்குளத்து நினைவிடத்துக்குப் போங்கள், குழந்தைகளையும் அழைத்துப்போங்கள். ஆனால் மாலை வாங்கும் முன்னே மூன்று செயல் செய்யுங்கள். உங்கள் ஊரிலே பெண் ஊராட்சித் தலைவராய் வந்தால், கூட்டத்துக்குக் கணவன் வந்து அமரும் நாளிலே, "அம்மையார் எங்கே?" என்று எழுந்து கேளுங்கள், அவன் உங்கள் கிளைச் செயலாளராகவே இருந்தாலும் கேளுங்கள். உங்கள் தந்தையின் சொத்திலே உங்கள் அக்காளுக்கும் தங்கைக்கும் உரிய பங்கை, அவர்கள் கேட்கும் முன்னே எழுதிக் கொடுங்கள். 1989இல் நாம் சட்டமாக்கினோம் என்று மேடையிலே மார்தட்டும் உரிமை அதன்பிறகுதான் நமக்கு வரும். கிளைக்கழகத்திலே பெண்ணுக்குக் கோலப்போட்டியும் வரவேற்புக் குழுவும் மட்டும் கொடுக்காதீர்கள். கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்.

அந்தப் பெரியவருக்கு அன்றிரவு நான் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த காட்சிக்கு மணி அடித்துவிட்டார்கள்; திரையை இழுக்க ஓடினேன். இப்போது சொல்கிறேன், ஐயா. பின்னாலிருந்து ஆள்வது யார் என்று கேட்டீர்களே, பின்னாலே எவரும் இல்லை. முன்னாலே வேலுநாச்சியார் இருந்தார். அவர் பக்கத்திலே, அடுத்து ஆளவேண்டியவளாக, ஒரு பெண்குழந்தை நின்றது. அந்தக் குழந்தைக்கு உரிய இடத்தை அன்று கொடுக்கத் தவறினோம். உங்கள் பெயர்த்தியும் அன்று நாடகம் பார்க்க உங்கள் பக்கத்திலேதான் அமர்ந்திருந்தாள், ஐயா, நான் பார்த்தேன். அரசவைக் காட்சியிலே, அந்தக் கொட்டகை முழுவதும் வாளாவிருந்த நேரத்திலே, கைதட்டியது அவள் ஒருத்திதான்.